ராஜகேசரி பெருவழி முதல் வாளையார் செக்போஸ்ட் வரை... மதுக்கரை சொல்லும் கொங்கு வரலாறு!

"மதுக்கரையா? அங்க சிமெண்ட்டைத் தவிர வேற என்ன கண்ணு இருக்குது?"

மதுக்கரையைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் எங்கள் அம்மாயி கேட்ட கேள்வி இது. கோவைக்காரர்கள் பலரிடம் கேட்டாலும் இதே பதில்தான் வரும். சிமெண்ட் ஆலை, ராணுவ முகாம், மலை மேல் தர்மலிங்கேஸ்வரர் கோயில். மிஞ்சிப் போனால், ரயிலில் அடிபட்ட யானைகளைப் பற்றி வந்த செய்திகள். அவ்வளவுதான்.

உக்கடத்தில் வாளையார் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். குனியமுத்தூர் தாண்டியதும் வலது பக்கம் மலை நெருங்கி வரும். ஆடி மாதமாக இருந்தால் மேற்கிலிருந்து வரும் காற்று முகத்தில் அறையும். கொங்கு நாட்டுக்கு வந்த வணிகர்கள், படைகள், அரசர்கள், ரயில் எல்லாவற்றுக்கும் வழிவிட்டது அந்தக் காற்று வரும் இடைவெளிதான். அதன் வாசலில் உட்கார்ந்திருக்கும் ஊர் மதுக்கரை.

மலை விட்ட வழி

மகாராஷ்டிரா - குஜராத் எல்லைப் பக்கம் தொடங்கி குமரி வரை சுவர் போல நிற்கிறது மேற்குத் தொடர்ச்சி மலை. அந்தச் சுவரில் இருக்கும் ஒரே பெரிய திறப்பு பாலக்காட்டுக் கணவாய். ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலம். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களில் இறங்கிய சரக்கு, மலை ஏறாமல் கிழக்கே வர இதைவிட வசதியான வழி கிடையாது.

இது ஊகமல்ல. மதுக்கரைக்குப் பக்கத்தில் இருக்கிற வெள்ளலூரில் 1842-இல் ரோமானிய வெள்ளிக் காசுகள் ஒரே குவியலாகக் கிடைத்தன. எண்ணிக்கை 500-க்கும் மேல். பிறகு 1891-லும் 1931-லும் அதே ஊரில் மறுபடி கிடைத்தன. நொய்யல் கரையோடு கிழக்கே போனால் சென்னிமலைக்கு அருகில் கொடுமணல். இரும்பு உருக்கிய உலைகளும், மணிகள் செய்த பட்டறைகளும், தமிழ் பிராமி எழுத்து கீறிய பானை ஓடுகளும் அங்கே அகழாய்வில் வெளிவந்திருக்கின்றன. இன்னும் கிழக்கே கரூர். கடலில் இறங்கிய ரோமானியக் காசு கணவாய் வழியாக உள்ளே வந்திருக்கிறது. கொங்கு நாட்டு மணியும் இரும்பும் வெளியே போயிருக்கின்றன. பின்னலாடையையும் மோட்டார் பம்ப்செட்டையும் உலகத்துக்கு அனுப்பும் ஊர்க்காரர்களுக்கு, ஏற்றுமதி இரண்டாயிரம் வருடப் பழக்கம் என்று சொன்னால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்!

இந்த வழிக்கு ஒரு பெயர்ப்பலகையே உண்டு, அதுவும் கல்லில். மதுக்கரை மலைத்தொடரில், சுண்டக்காமுத்தூர் பக்கம் மலையடிவாரக் காட்டுக்குள் ஒரு பாறையில் 'ராஜகேசரிப் பெருவழி' என்று பொறித்திருக்கிறார்கள். தமிழ் எழுத்தில் ஒரு முறை, வட்டெழுத்தில் ஒரு முறை. கூடவே ஒரு வெண்பாவும் இருக்கிறது. ஆய்வாளர்கள் இதை 9-ஆம் நூற்றாண்டுச் சோழ அரசன் முதலாம் ஆதித்தன் காலத்தது என்கிறார்கள். ஏன் இரண்டு எழுத்து? கிழக்கிலிருந்து வந்தவர்கள் தமிழ் எழுத்தைப் படித்திருப்பார்கள், மேற்கிலிருந்து வந்தவர்கள் வட்டெழுத்தைப் படித்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. இன்று வாளையார் சாலையில் தமிழிலும் மலையாளத்திலும் போர்டு வைத்திருப்பது போலத்தான்.

கோவன் யார்?

பெருவழி வருவதற்கு முன்னால் இங்கே யார் இருந்தார்கள்? பதிலைக் கோவை தன் பெயரிலேயே வைத்திருக்கிறது. கோவன் என்ற இருளர் தலைவன் காட்டைத் திருத்தி அமைத்த ஊர் கோவன்புத்தூர் என்றும், அவன் வழிபட்ட தெய்வமே கோனியம்மன் என்றும் ஒரு மரபுக் கதை சொல்கிறது. இதற்குக் கல்வெட்டு ஆதாரம் கேட்டால் கஷ்டம். ஆனால் லட்சக்கணக்கான மக்கள் வாழும் ஒரு நகரம், தன்னை உருவாக்கியவன் ஒரு பழங்குடித் தலைவன் என்று சொல்லிக்கொள்வது சாதாரண விஷயமா? மாசித் தேரோட்டத்துக்குப் போகும் நம்மில் எத்தனை பேருக்கு அது ஞாபகம் இருக்கிறது என்பது வேறு கேள்வி.

கதையை விடுங்கள், வரைபடத்தைப் பாருங்கள். மதுக்கரையிலிருந்து வாளையார் போகும் வழியில் மாவுத்தம்பதி, சின்னாம்பதி, புதுப்பதி என்று ஊர்கள். வடக்கே போளுவாம்பட்டி மலையடிவாரத்தில் சீங்கப்பதி, வெள்ளப்பதி. மலையைத் தாண்டிக் கேரளத்தின் அட்டப்பாடியில் நக்குப்பதி. இருளரும் மலசரும் தங்கள் குடியிருப்பைச் சொல்லும் சொல் 'பதி'. அரசர்கள் சதுர்வேதிமங்கலம் என்று வைத்த பெயர்கள் பல மறைந்துவிட்டன. பதிகள் அப்படியே இருக்கின்றன.

இந்த ஊர்களுக்கென்று ஒரு நிர்வாகமும் இருந்தது. அட்டப்பாடிப் பக்கம் இன்றும் அதன் தடம் தெளிவாகத் தெரியும். ஊர்த் தலைவர் மூப்பர். ஊர்ப் பொதுப் பொறுப்புகளைப் பார்க்க வண்டாரியும் குறுதலையும். விதைப்புக்கு முன்னால் மண்ணை வணங்கித் தொடங்கி வைக்க மண்ணுக்காரர். ராகி, சாமை, துவரை, அவரை பயிரிட்டார்கள். காட்டைக் கொத்திச் சில வருடம் விதைப்பார்கள். பிறகு இடம் மாற்றி, மண்ணை ஆற விடுவார்கள். நிலம் ஊருக்குப் பொது. அதை எழுதி வைக்க வேண்டும் என்ற தேவை அவர்களுக்கு வரவில்லை. பின்னால் வந்த பிரச்னைகளுக்கெல்லாம் ஆரம்பம் இதுதான்.

எழுதி வைத்தவர்கள் எல்லோரும் வழிப்போக்கர்கள். சங்கப் பாடல்களில் கொங்கர் மாடு மேய்ப்பவர்கள், கடினமான நிலத்தில் ஆழக் கிணறு தோண்டுபவர்கள். தேவாரத்தில் சுந்தரர் அவிநாசி அருகே திருமுருகன்பூண்டியில் பாடிய பதிகத்தில், வேடுவர் வழிப்பறிக்காரர்களாக வருகிறார்கள். பாதையில் போனவர்களின் கண்ணுக்குக் காட்டுவாசி ஆபத்தாகத் தெரிந்திருக்கிறான். தங்கள் காட்டுக்குள் பாதை வந்ததைப் பற்றி அந்தக் காட்டுவாசி என்ன நினைத்தான் என்பதை யாரும் பாடவில்லை.

ஒரு நாடு, இரண்டு மதுக்கரை

சுவாரஸ்யமான ஒரு விஷயம். கொங்கு நாட்டின் கிழக்குக் கோடியில் இன்னொரு மதுக்கரை இருக்கிறது. கரூர் மாவட்டம், மாயனூருக்கு அருகில். அங்கே செல்லாண்டியம்மன் கோயில் இருக்கும் இடம்தான் சேர, சோழ, பாண்டிய நாடுகளின் முச்சந்தி எல்லை என்பது நெடுநாள் நம்பிக்கை. எல்லையில் மதில் எழுப்பியதால் மதிற்கரை, அது மருவி மதுக்கரை என்பார்கள். கொங்கு மண்டல சதகம் இந்த நாட்டுக்கு எல்லை சொல்லும்போது மேற்கே வெள்ளிமலையையும், தெற்கே பழனிப் பக்கத்து வைகாவூரையும், கிழக்கே இன்றைய குளித்தலையையும் குறிக்கிறது. அதாவது கொங்கு என்பது ஒரு தனி நாடு, அதற்கு எல்லையும் உண்டு என்ற எண்ணம் மக்களுக்குப் பழையது. ஆள்பவர்தான் மாறிக்கொண்டே இருந்தார்.

கங்கர், சோழர், கொங்குச் சோழர், ஹொய்சாளர், பாண்டியர், விஜயநகரம், மதுரை நாயக்கர் என்று அந்தப் பட்டியலை இங்கே ஒப்பிக்கப் போவதில்லை. பள்ளிக்கூடத்தில் பட்டது போதும்! ஆனால் 17-ஆம் நூற்றாண்டில் மைசூர் உடையார்கள் இறங்கி வந்ததிலிருந்து கதை சூடு பிடிக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் பாலக்காட்டு ராஜா, கோழிக்கோடு சாமூதிரிக்கு எதிராக ஹைதர் அலியிடம் உதவி கேட்டார். ஹைதரின் படை கணவாய் வழியாகத்தான் போனது. வழியைப் பார்த்தவர் விடுவாரா? 1766-இல் பாலக்காட்டில் கோட்டை எழுப்பினார். அதன் பிறகு 30 வருடத்துக்கும் மேலாக மைசூர்ப் படையும் கம்பெனிப் படையும் இந்த வழியில் மாறி மாறி நடந்தன. கோவைக் கோட்டை பல முறை கைமாறியது.

1799 மே 4-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தார். கோவை கம்பெனி கைக்குப் போனது. தீரன் சின்னமலை உள்ளிட்ட பாளையக்காரர்களின் எதிர்ப்பு 1805-இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்குக் கயிற்றோடு அடக்கப்பட்டது. இதற்கு நடுவே, 1800-இல் மலபாரும் சென்னை மாகாணத்தோடு சேர்க்கப்பட்டது. இந்த வருடத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கணவாயின் இரண்டு பக்கமும் ஒரே ஆட்சியின் கீழ் வந்தன. வாளையார் என்பது கோயம்புத்தூர் ஜில்லா முடிந்து மலபார் ஜில்லா தொடங்கும் இடம், அவ்வளவுதான். அடுத்த 156 வருடம் இப்படியே இருந்தது.

ரயில் வந்தது... காடு போனது

கம்பெனி வந்ததும் செய்த முதல் வேலை கணக்கெடுப்பு. பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவர் 1800-01-இல் மைசூர், கொங்கு, மலபார் எங்கும் பயணம் செய்து, என்ன விளைகிறது, என்ன வரி வருகிறது, யார் எங்கே வாழ்கிறார்கள் என்று எழுதினார். ஆனைமலைப் பக்கத்து மலசர் மக்களும் அவர் குறிப்புகளில் வருகிறார்கள். 1862-இல் ரயில் வந்தது. மேற்குக் கடற்கரையிலிருந்து கணவாய் வழியாகப் போத்தனூர் வரை தண்டவாளம். பெருவழி இப்போது இரும்பில்! தண்டவாளத்துக்கும் பாலங்களுக்கும் மரம் வேண்டும். மரம் வேண்டுமென்றால் காட்டுக்குச் சொந்தக்காரர் யார் என்பதை முடிவு செய்தாக வேண்டும்.

முடிவு செய்தது 1882-ஆம் வருடத்து சென்னை வனச் சட்டம். எந்தக் காட்டை வேண்டுமானாலும் அரசு 'ஒதுக்குக் காடு' என்று அறிவிக்கலாம். அறிவிப்பு வந்ததும் உரிமை உள்ளவர்கள் மனு கொடுக்கலாம். மனு வராவிட்டால் உரிமை இல்லை என்று பொருள். எழுத்தில் எதையும் வைத்துக்கொள்ளாத பதிகளிலிருந்து யார் போய் மனு கொடுத்திருப்பார்கள்? கொத்தி விதைப்பது குற்றமானது, தீ மூட்டுவது குற்றமானது. தேன், கிழங்கு, விறகு எல்லாவற்றுக்கும் அனுமதி தேவைப்பட்டது. சோழனும் ஹைதரும் காட்டுக்கு நடுவே போகும் வழியைத்தான் கேட்டார்கள். காட்டையே கேட்டது இந்தச் சட்டம்தான் என்பது என் கணிப்பு.

சமவெளியில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. 1888-இல் ஸ்டேன்ஸ் மில், பைக்காரா மின்சாரம் வந்த 1930-களில் வரிசையாக நூற்பாலைகள், 1934-இல் மதுக்கரைச் சுண்ணாம்புக்கல்லை நம்பிச் சிமெண்ட் ஆலை. அம்மாயி சொன்ன அதே சிமெண்ட். கொங்கு நாட்டில் எத்தனையோ வீடுகளுக்கு இந்த மலை சுவராகியிருக்கிறது. சம்பளம், குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம் என்று அந்த ஆலை தலைமுறைகளை வளர்த்தது உண்மை. மலையில் ஒரு பகுதி குழியானதும் உண்மை.

1956 நவம்பர் 1

மொழிவாரி மாநிலங்கள் பிறந்த நாள். தமிழர்களுக்கு அது சுலபமாகக் கிடைத்த நாளல்ல. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கக் கோரி உண்ணாவிரதம் இருந்த சங்கரலிங்கனார், அதற்குச் சில நாள் முன்பு அக்டோபர் 13-இல் உயிர் நீத்தார். அந்தப் பெயர் சட்டசபையில் தீர்மானமானது 1967-இல், நடைமுறைக்கு வந்தது 1969 பொங்கல் சமயத்தில்.

கொங்கு நாட்டுக்கு 1956 என்ன செய்தது? கோவை மாவட்டத்தின் கொள்ளேகால் தாலுகா மைசூருக்குப் போனது. மலபார் மாவட்டம் கேரளத்துக்குப் போனது. வாளையாறு மாநில எல்லை ஆனது. கந்தேகவுண்டன்சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நிற்க ஆரம்பித்தன. 2017-இல் ஜிஎஸ்டி வந்து வணிகவரிச் சோதனைச் சாவடிகளை எடுக்கும் வரை அந்த வரிசை நின்றபாடில்லை. கோவைக்காரர்கள் பெருமை பேசும் சிறுவாணித் தண்ணீர் கூட அண்டை மாநிலத் தண்ணீர் ஆகிவிட்டது. அணை கேரள மண்ணில், குழாய் நம் வீட்டில், நடுவில் 1973-ஆம் வருட ஒப்பந்தம்.

தமிழ் பேசுபவர்களுக்குத் தமிழ் மாநிலம், மலையாளம் பேசுபவர்களுக்கு மலையாள மாநிலம். சரி, இருளர் மொழி பேசுபவர்களுக்கு? அவர்களுடைய மொழி திராவிடக் குடும்பத்தில் தமிழுக்கு நெருங்கிய தனி மொழி. மதுக்கரைக்கு வடமேற்கே இருக்கும் மலைகளின் இந்தப் பக்கம் கோவை இருளர், அந்தப் பக்கம் அட்டப்பாடி இருளர். பெண் கொடுத்து எடுக்கும் உறவு இரண்டு பக்கமும் உண்டு. கோடு போட்டவர்கள் மேடையில் பேசிய மொழிகளில் இவர்கள் மொழி இல்லை.

கோட்டின் விளைவை இன்றும் பார்க்கலாம். தமிழ்நாட்டில் இருளர், 'மிகவும் பாதிப்புக்குள்ளாகும் பழங்குடிகள்' என்ற சிறப்புப் பட்டியலில் இருக்கிறார்கள். தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோருடன் சேர்த்து ஆறு குழுக்கள். கேரளத்தின் சிறப்புப் பட்டியலில் ஐந்து குழுக்கள். அதில் இருளர் இல்லை. 2023-இல் மத்திய அரசு அறிவித்த 'பிரதமர் ஜன்மன்' வீட்டு வசதித் திட்டம் இந்தச் சிறப்புப் பட்டியலுக்கு மட்டும்தான். அதனால் மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் தங்கைக்குத் தகுதி உண்டு, அந்தப் பக்கம் கட்டிக் கொடுத்த அக்காவுக்கு இல்லை. இது போதாதென்று, ஒரு மாநிலத்தின் பட்டியல் தகுதி குடிபெயர்ந்த இன்னொரு மாநிலத்தில் தானாகச் செல்லாது என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

சரி, தமிழ்நாட்டு இருளர் கொடுத்து வைத்தவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பழங்குடி நிலத்தை மற்றவர்கள் வாங்குவதைத் தடுத்து, போன நிலத்தை மீட்கக் கேரளம் 1975-லேயே சட்டம் போட்டது. விதிகள் எழுத 1986 வரை ஆனது, 1999-இல் அதை மாற்றியும் எழுதினார்கள், அட்டப்பாடியில் போன நிலம் பெரும்பாலும் திரும்பவில்லை. இருந்தாலும் காகிதத்திலாவது ஒரு சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அப்படியொரு தனிச் சட்டமே கிடையாது. பழங்குடிப் பகுதிகளுக்குத் தனி நிர்வாகம் தரும் அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையிலும் தமிழ்நாட்டின் ஒரு கிராமம்கூட இல்லை. 2011 கணக்குப்படி மாநிலத்தில் இருளர் சுமார் 1.9 லட்சம் பேர்.

மாநில எல்லை மட்டுமல்ல, மாவட்ட எல்லையும் இந்த வேலையைச் செய்யும். 1979-இல் கோவையிலிருந்து பிரிந்தது இன்றைய ஈரோடு மாவட்டம். அங்குள்ள பர்கூர், கடம்பூர் மலைகளில் வாழும் 'மலையாளி' சமூகத்தினர் பழங்குடிச் சான்றிதழ் கேட்டு நெடுங்காலமாகப் போராடுகிறார்கள். பக்கத்து சேலம் மாவட்டத்தில் அதே சமூகம் பட்டியலில் உண்டு. ஈரோட்டில் இல்லை.

2021 ஜூலையில், மத்திய அமைச்சர் ஒருவரின் அறிமுகக் குறிப்பில் 'கொங்குநாடு' என்ற சொல் இடம்பெற்றதும் தனி மாநிலம் வருமா என்று டி.வி. விவாதங்கள் அனல் பறந்தது ஞாபகம் இருக்கும். எங்கள் டெஸ்க்கிலும் அந்த வாரம் அதே பேச்சுதான். அப்போது யாருக்கும் தோன்றாத கேள்வி ஒன்று இப்போது தோன்றுகிறது. இன்னொரு கோடு போட்டால், அது எந்தப் பதிக்கு நடுவே போகும்?

மூப்பர் வாக்கே ஆதாரம்

2006-இல் வந்த வன உரிமைச் சட்டம், இந்தக் கதையில் முதன்முறையாகப் பதிகளின் பக்கம் நின்று பேசுகிறது. 'வரலாற்று அநீதி' என்ற சொல்லைச் சட்டத்தின் முகவுரையிலேயே பயன்படுத்தியிருக்கிறார்கள். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து காட்டு நிலத்தில் பயிர் செய்யும் பழங்குடிக் குடும்பத்துக்கு, 4 ஹெக்டேர் வரை உரிமை கிடைக்கும். தேன், கிழங்கு, புல் போன்றவற்றின் மீதும் உரிமை உண்டு. அதைவிட முக்கியம், எதை ஆதாரமாக ஏற்கலாம் என்ற விதி. அரசு ஆவணங்களோடு கிணறு, இடுகாடு, கோயில் மரம் ஆகியவற்றையும் காட்டலாம். பெரியவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டால் அதுவும் ஆதாரம். 1882-இல் கேட்காத வாக்குமூலத்தை இப்போது கேட்கிறார்கள்.

ஆனால் தமிழ்நாட்டில் இதுவும் தாமதமாகத்தான் வந்தது. 2008-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு உரிமைப் பத்திரங்கள் வழங்குவதை நிறுத்தியது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. எட்டு வருடம். ஒரு மூப்பரின் நினைவை ஆதாரமாக வைக்கச் சொல்லும் சட்டத்தில், எட்டு வருடத் தாமதம் எத்தனை ஆதாரங்களைக் கொண்டுபோயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதே மதுக்கரை வனச்சரகத்தில் 2021 நவம்பரில் ஒரே இரவில் 3 யானைகள் ரயிலில் அடிபட்டு இறந்தன. நாடே பதறியது. 2024 பிப்ரவரியில் 7.24 கோடி ரூபாயில், செயற்கை நுண்ணறிவு கேமராக்களோடு கண்காணிப்புக் கோபுரங்கள் வந்தன. தண்டவாளத்தின் பக்கம் யானை வந்தால் உடனே எச்சரிக்கை போகும். நல்ல ஏற்பாடு, பலனும் தருகிறது. காட்டில் யானை எங்கே நிற்கிறது என்று நொடியில் சொல்லும் காலம் இது. அதே காட்டோரம் எந்தக் குடும்பம் எந்த நிலத்தை எத்தனை தலைமுறையாக உழுகிறது என்று எழுதி முடிக்க நமக்கு இன்னும் நேரம் வரவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மாயிக்கு போன் செய்து கோவன் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்போ வருசா வருசம் நாம தேர் இழுக்கறது அவங்க சாமியா கண்ணு?" என்று கேட்டார்.

ராஜகேசரிக் கல்வெட்டைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு தகவல். அது காப்புக்காட்டுக்குள், யானை நடமாட்டம் உள்ள இடத்தில் இருக்கிறது. வனத்துறையிடம் முன் அனுமதி வாங்காமல் போகக் கூடாது.